துண்டுக்குள் பேசிய சம்பளம்

பணியாளர் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "மேடம், சம்பளம் எவ்ளோ எதிர்பார்க்கிறீங்கன்னு கேட்டா பாதிப் பேரு உங்க இஷ்டம்னு சிரிக்கிறாங்க. மீதிப் பேரு வாய்க்கு வந்ததச் சொல்றாங்க. இவங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது யோசனை கேட்டால் எனக்கு வாய் நிற்காது. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஏனென்றால் அந்த இரண்டு வகை ஆட்களிலும் நான் உண்டு. அதுவும் ஒரே நாளில், ஒரே இடத்தில். முதலில் உங்கள் இஷ்டம் என்று சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாய்க்கு வந்ததைக் கத்தினேன். மழுப்பியது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து போன புதிது. இன்று நீங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்குகிற இடமெல்லாம் அப்போது நெல் வயலும் சவுக்குத் தோப்பும். எங்கள் ஊர் கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஆண்டையின் நிலத்தில் கூலி. ஆண்டைக்கு மாடு வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்றால் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவதும் அவர்தான். அம்மா தடா பக்கத்துக்காரி. வீட்டில் சண்டை தெலுங்கில் நடக்கும், சமாதானம் தமிழில் நடக்கும். என்னைச் சின்ன வயதிலேயே திருவள்ளூரில் மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அதனால் இரண்டு மொழியிலும் சண்டை போடத் தெரிந்து, ஊர் நடப்பு ஒன்றும் தெரியாமல் வளர்ந்தேன். பள்ளியிறுதி தேறினேன். டைப்ரைட்டிங்கில் லோயர் தேறினேன். தலைக்கனத்தில் மட்டும் ஹையரே தேறியிருந்தேன்.

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். திருவள்ளூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் உபதேசியார். பாதிரியார் வராத வாரங்களில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். மனைவி இறந்துவிட்டார், இரண்டு குழந்தைகள். அவர் குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார், யாரையும் குறை சொல்ல மாட்டார். குறை சொல்ல இடம் கொடுக்காத மனிதரை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் வேண்டாம் என்றால் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். எனக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றேன். அது ஒரு காரணமா என்று அதற்கும் ஏன் என்று கேட்டார்கள்.

கடைசியில் நைனா ஒரு கணக்குச் சொன்னார். "நாப்பது ரூபா குடுக்கறாங்கன்னா வேலைக்குப் போ. நான் தடுக்கல. ஒரு ரூபா கொறஞ்சாலும் வர்ற ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சிட வேண்டியதுதான்" என்றார். கல்யாண அறிவிப்பைக் கோயிலில் எல்லார் முன்னாலும் படிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். வாசித்துவிட்டால் அதற்குப் பிறகு பெண் பின்வாங்கினாள் என்ற பேச்சே கிடையாது. நாற்பது என்ற எண் நைனாவுக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஒரு பெண் பிள்ளைக்கு யாரும் அவ்வளவு கொடுக்கப் போவதில்லை என்ற தைரியத்திலிருந்து வந்தது. அவருக்கே ஆண்டை கொடுத்தது நெல்லும், எப்போதாவது கையில் கொஞ்சம் டப்பும்தான்.

எனக்குக் கல்வி கொடுத்தவர்களில் சம்பளம் பேசுவது பற்றிச் சொன்னவர் ஒரே ஒருவர், திருவள்ளூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர். "பெண் பிள்ளை வாயால் பணம் பேசக்கூடாது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், 'ஆஸ் யூ ப்ளீஸ், சார்' என்று சொல்லிவிட்டுத் தலையை லேசாகக் குனிந்துகொள். உன் பண்பைப் பார்த்து அவர்களே கூட்டிப் போடுவார்கள்" என்று அடித்துச் சொன்னார். இவ்வளவு காலம் நான் ஆள் எடுத்திருக்கிறேன். பண்பைப் பார்த்துக் கூட்டிப் போட்ட முதலாளியை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. ஆனால் அன்று அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கைக்கண்ணாடி முன் நின்று எத்தனை தூரம் குனிந்தால் லேசு என்று பழகினேன். நாற்பது வேண்டும், ஆனால் நாற்பது என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை இருந்த இடம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டு மண்டி. நடத்தியவர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து மரைக்காயர். கல்கத்தா ஏஜெண்டுகளிடமிருந்து இங்கிலீஷில் கடிதம் வரும். பதில் அடித்துக்கொண்டிருந்த ஆள் பட்டணத்துக்கு ஓடிவிட்டதால் டைப்பிஸ்ட் தேடினார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் விறைப்பாகப் போய் நின்றேன். உள்ளே போன உடனேயே சேலை கருவாடாகிவிட்டது.

மரைக்காயர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மண்டிக் கணக்குப்பிள்ளை, எங்கள் ஊர்க்காரர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஒரு கடிதம் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். உப்புக் காற்றில் மெஷினின் பாதி விசைகள் இறங்கினால் ஏற மறுத்தன. விரலால் தூக்கித் தூக்கிவிட்டு ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தேன். மரைக்காயர் வாங்கிப் பார்த்தார். "நல்லா அடிக்கிற. வேலை உனக்குத்தான். மத்த சமாச்சாரத்த அக்காகிட்ட பேசிக்கோம்மா" என்று உள்பக்கம் கையைக் காட்டினார்.

சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. குனிவதற்குத் தயாராக வந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

உள் கதவில் பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் மரைக்காயரின் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவரிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் அவர் லாத்தாதான். எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"உக்காரும்மா. நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சுங்க."

"அம்மா அப்பா கீறாங்களா?"

"கீறாங்க."

"கையக் குடு."

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. இன்னொரு கை ஒரு துண்டை அதன் மேல் விரித்தது. நான் என் கையைத் துண்டுக்குள் விட்டேன். அந்தக் கை என் மூன்று விரல்களைப் பிடித்து அழுத்தியது. ஹாஸ்டலில் வார்டனம்மா இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்வார். முகம் தெரியாத ஒரு பெண்மணி, வேறு மார்க்கத்துக்காரர், வேலைக்கு வந்த ஏழைப் பெண்ணுக்கு இவ்வளவு அன்பு காட்டுகிறாரே என்று உருகிப்போனேன். கோஷா முறையில் இருக்கிறவர் என்பதால் துண்டு போட்டு மூடியிருக்கிறார் என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் கற்பித்துக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவர்களுக்கு விளக்கத்துக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

"இன்னாம்மா, சரியா?" என்றது குரல்.

வந்தது கேள்வி என்று பிடித்துக்கொண்டேன். "ஆஸ் யூ ப்ளீஸ், மேடம்" என்றேன். பச்சைத் திரையைப் பார்த்து லேசாகக் குனிந்தேன்.

"இன்னா சொல்ற?"

"உங்க இஷ்டங்க."

அந்தக் கை திரும்பவும் அதே மூன்று விரல்களை அழுத்திவிட்டுக் காத்திருந்தது. அன்புக்கு அன்பு காட்ட வேண்டாமா? அந்தக் கையின் மேல் என் இன்னொரு கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தக் கை துண்டோடு திரைக்குள் போனது. பிறகு "அல்லா நல்லா வைக்கட்டும். நாளைலேர்ந்து வா" என்று குரல் வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கணக்குப்பிள்ளை வாசல் வரை என்னோடு வந்தார். அவருக்கு ஒரு சமாச்சாரம் தெரியாமல் போனால் சோறு இறங்காது.

"லாத்தா இன்னா பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல. பாசமா கையப் புடிச்சாங்க."

"எத்தினி வெரலு புடிச்சாங்க?"

"மூணு."

"நீ இன்னா பண்ண?"

"தட்டிக் குடுத்தேன்."

அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு விளக்கினார். மரைக்காயரின் அப்பா மாட்டுச் சந்தைத் தரகராக இருந்து முன்னுக்கு வந்தவர். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அதே வழக்கம் மண்டிக்கும் வந்துவிட்டது. கருவாட்டு விலையும் துண்டுக்குள்தான், ஆட்களின் சம்பளமும் துண்டுக்குள்தான். ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு விரல் பத்து ரூபாய். பாதி விரல் ஐந்து. ஒத்துவராவிட்டால் நாம் கூடுதல் விரலைப் பிடிக்க வேண்டும். கையைத் தட்டினால் பேரம் முடிந்தது என்று பொருள்.

"ஆம்பளைங்க கிட்ட மொதலாளியே பேசிடுவாரு. நீ பொம்பளப் புள்ள, உன் கைய அவரு எப்படித் தொடுவாரு? அதான் லாத்தா. முப்பதுன்னாங்க, நீயும் தட்டிட்ட. நல்ல எடம்மா, பேஜாரு இல்லாத எடம். முப்பதுக்கே இரு" என்றார்.

முப்பது. ஞாயிற்றுக்கிழமை. ஓலை. அன்புக் கரம் என்று நான் அழுதது பத்து ரூபாய்க் குறைவை வாங்கிக்கொண்டு. வீட்டில் நாற்பது என்று பொய் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. முதல் சம்பளத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு உபதேசியாரைக் கட்டிக்கொண்டு அந்தக் குழந்தைகளுக்கு டைப் சொல்லிக்கொடுக்கலாமா என்று கூட நினைத்தேன். இதெல்லாம் வாசலுக்கும் திரைக்கும் நடுவில் நடந்த யோசனை. ஏனென்றால் கால்கள் அதற்குள் என்னைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோயிருந்தன.

பண்பெல்லாம் பறந்துவிட்டது. திரை முன்னால் நின்று கத்தினேன்.

"எனக்கு நாப்பது ரூபா வேணுங்க. நாப்பது இல்லன்னா ஞாயித்துக்கெழம எனக்கு ஓலை வாசிச்சிடுவாங்க."

மண்டியில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. தராசுக்காரர் தராசைப் பிடித்தபடியே திரும்பினார். எல்லாரையும் விடக் கணக்குப்பிள்ளையின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. "நாப்பதா? இன்னிக்கு வந்த பொண்ணுக்கு நாப்பதா? அப்போ இத்தினி வருசமா குந்திக்கினு கீற எனக்கு..." என்று ஆரம்பித்து, முதலாளி பார்ப்பதைப் பார்த்து மீதியை விழுங்கினார். நீங்கள் எல்லாம் சம்பளத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் எழுதிக்கொள்கிறீர்கள். ஏன் என்று நான் கற்றுக்கொண்டது அந்த முகத்தைப் பார்த்து. என் ஒரு எண், அந்த மனிதரின் அத்தனை வருஷ நிம்மதியையும் ஒரு வாய்ச் சத்தத்தில் கெடுத்துவிட்டது.

மரைக்காயர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார், அது இன்னும் மோசம். "தட்டின கை தட்டினதுதாம்மா. எங்க அத்தா காலத்துலேர்ந்து அதுல மாத்தம் கெடையாது. இங்க வெலைய வாயால பேசறதும் கெடையாது" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று தலையில் கையை வைத்துக்கொண்டு, "தேவுடா, கொம்ப முனிகிந்தி" என்று முனகினேன். குடி மூழ்கிவிட்டது என்று அம்மா நாளுக்கு நாலு தடவை தெலுங்கில் சொல்வது அது.

திரை அசைந்தது. "இன்னா சொன்ன? தெலுங்கா?"

"ஆமாங்க."

"நல்லா புரியுமா?"

"எங்கம்மாவுக்கு அதுதாங்க பாஷ."

"உள்ள வா."

அப்போதுதான் லாத்தாவை நேரில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கையில் ஜெபமாலை. அவர்கள் அதைத் தஸ்பீஹ் என்பார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிணற்றடி. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மண்டி முழுக்கக் கேட்கும்படி, "முப்பது முப்பதுதான். தட்டியாச்சு. டைப் அடிக்கறதுக்கு ஒரு ரூபா ஏத்த மாட்டேன்" என்று சொன்னார். வெளியே தராசுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளை கனைத்துக்கொண்டு மெத்தையில் சாய்ந்ததும் கேட்டது.

பிறகு லாத்தா குரலைத் தாழ்த்தினார். சூலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் வியாபாரிகள் துண்டுக்குள் கை விடுவதற்கு முன்னால் கால் கழுவுகிற சாக்கில் இந்தக் கிணற்றடிக்கு வந்து தங்களுக்குள் விலை பேசிக்கொள்கிறார்கள். தம்பிக்குத் தெலுங்கு தெரியும் என்பதால் அவர் எதிரில் வாயே திறப்பதில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தான் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியும், தனக்குத் தெலுங்கு வராது என்பதும் தெரியும்.

"எல்லாம் காதுல வுழுது. ஒரு எழவும் புரியல" என்றார். "மெஷினுக்கு முப்பது பேசிட்டோம், அது முடிஞ்சிச்சு. காதுக்கு நாம இன்னும் பேசல."

துண்டை எடுத்து விரித்தார். என் கை அவர் கையோடு உள்ளே போனது. அவர் என் ஆள்காட்டி விரலில் பாதியைப் பிடித்தார். ஐந்து. முப்பத்தைந்து ஆகும். முப்பத்தைந்துக்கும் ஓலை வாசித்துவிடுவார்கள். நான் அவருடைய ஆள்காட்டி விரலை அடியோடு முழுசாகப் பிடித்தேன். அவர் உருவிக்கொண்டு மறுபடி பாதியைப் பிடித்தார். நான் மறுபடி முழுசையும் பிடித்தேன். இந்தத் தடவை விடவில்லை. அவர் இழுத்தார், நான் விடவில்லை. குனிவதற்கு எத்தனை பயிற்சி எடுத்தேன், பிடிப்பதற்கு ஒரு பயிற்சியும் எடுக்கவில்லை. ஆனாலும் பிடி வந்துவிட்டது. லாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வுடும்மா. தஸ்பீஹ் உருட்டற வெரலு அது, ஒடச்சிடாத" என்றார். சிரித்துக்கொண்டே இன்னொரு கையால் என் கையைத் தட்டினார்.

நான் வெளியே வரும்போது ஒரு நிபந்தனையும் போட்டார். "வெளிய நீ முப்பது. மீதி எனக்கும் உனக்கும் நடுவுல. உன் வாயால எங்கயாச்சும் வந்துச்சு, அந்தப் பத்து போச்சு. கணக்குப்புள்ள உங்க ஊருதான், நெனப்புல வச்சிக்கோ."

நினைப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் கணக்குப்பிள்ளை என் கூடவே புறப்பட்டார். சாயந்திரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் வரை நடந்து வந்தார். அவருக்கு இப்போது மனசு ஆறியிருந்தது. நான் முப்பதுதான் என்று ஆன பிறகு என் மேல் பெரிய கரிசனம் வந்துவிட்டது. "நீ பயப்படாத. உங்க நைனாகிட்ட நானே சொல்றேன். முப்பதுன்னாலும் கவுரவமான எடம்னு சொல்லிப் பாக்கறேன்" என்றார். வேண்டாங்க என்று எத்தனையோ சொன்னேன். உதவி செய்ய முடிவெடுத்துவிட்ட மனிதரை எதைச் சொல்லித் தடுப்பது?

வீட்டு வாசலில் உபதேசியாரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு, நாளைக்கே பாதிரியாரிடம் ஓலைக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார். நைனா தோளில் துண்டோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கணக்குப்பிள்ளை சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"வேலை கெடச்சிட்ச்சி. முப்பது ரூபா. கொறச்சல்தான், இல்லங்கல. ஆனா மரைக்காயரு நல்ல மனுஷன்."

உபதேசியாரின் அண்ணன் முகம் மலர்ந்தது. "அதான் நீங்களே சொல்லிட்டீங்களே, நாப்பதுக்குக் கொறஞ்சா இல்லன்னு. அப்போ பேரு குடுத்துடலாமா?" என்று நைனாவைக் கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். நாற்பதை யாரும் தர மாட்டார்கள் என்ற தைரியத்தில் பேசியவர், தரவில்லை என்று கேட்டதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் வாடித்தான் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. நாற்பது என்று கத்திவிடலாம். கத்தினால் நாளைக் காலையில் மண்டியில் அது நாற்பது இல்லை. ஒரே நாளில் இரண்டாவது தடவை கத்திக் காரியத்தைக் கெடுக்க நான் தயாராக இல்லை.

நேரே நைனாவிடம் போனேன். அவர் தோளிலிருந்து துண்டை உருவினேன். அவர் கையைப் பிடித்து அதன் மேல் துண்டைப் போட்டு, உள்ளே அவருடைய நான்கு விரல்களையும் சேர்த்து அழுத்தினேன்.

ஆண்டையின் மாட்டை ஓட்டிக்கொண்டு எத்தனை சந்தைக்குப் போயிருப்பார், அவருக்கா புரியாது? துண்டுக்குள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்ப நான்கையும் சேர்த்துப் பிடித்து, நிஜமா என்று கேட்கிற மாதிரி ஒரு தடவை அழுத்தினார். நானும் அழுத்தினேன்.

"இன்னா இது, அப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல பேரம்?" என்றார் உபதேசியாரின் அண்ணன். கணக்குப்பிள்ளை துண்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் துண்டுக்குள் பார்க்க யாராலும் முடியாது.

நைனா இன்னொரு கையால் துண்டின் மேல் தட்டினார். "பொண்ணு வேலைக்குப் போவுது. நீங்க இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

அவர்கள் போன பிறகும் என் கையை அவர் விடவில்லை. அதுவரை அவர் துண்டுக்குள் பேசியதெல்லாம் ஆண்டையின் மாட்டுக்கு, ஆண்டையின் பணத்தில். தன் வீட்டுக்காக அவர் கை தட்டிய பேரம் அது ஒன்றுதான். அதைச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒன்று கேட்டார்.

"தட்டறதுக்கு முன்னாடி அந்தம்மா சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க நைனா."

"அட. சிரிச்சாங்கன்னா இன்னும் எடம் இருந்திருக்கும்மா."

உபதேசியாருக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் நல்ல பெண் கிடைத்தது. கணக்குப்பிள்ளை, முப்பது ரூபாய்க்கே என்னை வேலைக்கு விட்ட தங்கமான அப்பன் என்று மண்டி முழுக்க நைனாவைப் புகழ்ந்தார். பாவம், குறைந்த சம்பளக்காரி என்று தன் நாஷ்டாவில் தினமும் எனக்கு ஒரு வடை எடுத்து வைத்தார். நானும் பாவம் போல் முகத்தை வைத்துக்கொண்டு கூசாமல் தின்றேன். மண்டியை விட்டு நான் வேறு வேலைக்குப் போகும் நாளில் லாத்தா சொன்னார், என்னை எடுக்கும்போது நாற்பத்தைந்து வரை மனதில் வைத்திருந்தாராம். மூன்று விரலுக்கே நான் தட்டியதும் அவருக்கே சப்பென்று ஆகிவிட்டதாம்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் எதிரில் வந்து உட்காருகிறவர்கள் உங்கள் இஷ்டம் என்று சிரித்தால், அவர்களுக்கு எண் இல்லை என்று நினைக்காதீர்கள். எண் இல்லாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. சொல்லக் கூடாது என்றுதான் யாரோ அவர்களைத் தடுத்திருக்கிறார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்ல எவ்ளோன்னு சொல்லி அனுப்பினாங்க?" என்று கேட்பேன். கேட்டதும் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். வாய்க்கு வந்ததைக் கத்துகிறவர்களிடமும் இதையே கேட்பேன். அவர்கள் எண் குறைந்து, பேச்சு கூடும். உங்களால் கொடுக்க முடியாத எண்ணாக இருந்தால் முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், வேறு எதற்குப் பேசலாம் என்று தேடிப் பாருங்கள். கொடுக்க முடிகிற எண்ணாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஆனால் அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் சிரித்து மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் அவர்களுடைய நைனா கேட்பார்.